சிரிப்பும் தண்டனையும்: ‘ரத்தக் கண்ணீர்’ திரைப்படம் குறித்து ஓர் இறையியல் நோக்கு

திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் பயிலும் ஓர் ஏட்டில், மனைவியைக் கைவிட்டுப் பிற பெண்ணை நாடிய கணவனைப் பற்றிய திரைப்படம் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஆயினும், ஞாயிறன்று கேட்ட அருளுரையைச் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துவிடும் நம் சபையார் பலர், ‘ரத்தக் கண்ணீர்’ படத்தில் எம். ஆர். ராதா பேசிய பேச்சை, ஆண்டுகள் பல கடந்தும் குரலும் இழுப்பும் மாறாமல் பேசிக் காட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். மக்கள் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்த ஒரு கதை, பாவத்தைப் பற்றியும் தண்டனையைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் அவர்களுக்கு எதைக் கற்பித்திருக்கிறது என்று ஆராய்வது மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே எனக் கருதுகிறோம்.

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு இப்படம் அயலூர்ச் சரக்கன்று. ராதா தம் இறுதிக் காலத்தைக் கழித்ததும், 1979 செப்டம்பர் 17 அன்று உயிர் நீத்ததும் இந்நகரிலேயே. பெரியாரின் இயக்கம் வேரூன்றிய நகரும் இதுவே. இதே நகரில்தான் சுவார்ட்ஸ் ஐயர் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் 1766 முதல் நிற்கிறது. 1826 ஏப்ரல் 3 அன்று இங்கே மரித்த பேராயர் ஹீபரின் கல்லறை தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. மலைக்கோட்டையின் மேலேறி வடக்கே நோக்கினால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. பகுத்தறிவு நாடகம், சுவிசேஷ மரபு, வைணவ பக்தி மரபு ஆகிய மூன்றும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் அருகருகே வாழ்ந்து வந்திருக்கின்றன. கட்டிய வாக்கை மீறிக் காமத்தின் பின் சென்றவன் கதி யாது என்னும் வினாவுக்கு இம்மூன்றும் மூன்று விடைகள் தருகின்றன. அவ்விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கதை

‘ரத்தக் கண்ணீர்’ முதலில் மேடை நாடகம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இந்நாடகத்தை ராதா ஊர் ஊராக நடித்துப் புகழ் பெற்ற பின்னரே, நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தார் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அதைப் படமாக்கி 1954-இல் வெளியிட்டனர். மேனாட்டில் வாழ்ந்து திரும்பிய செல்வன் மோகனசுந்தரம் தன் நாட்டு வழக்கங்களையெல்லாம் இகழ்கிறான். சந்திரா என்னும் அடக்கமான பெண்ணை மணந்தும் அவளோடு வாழாமல், காந்தா என்னும் ஆடல் மகளிடம் தன்னை இழக்கிறான். பெற்ற தாயைப் புறக்கணிக்கிறான், பொருளை அழிக்கிறான். தொழுநோய் பற்றியதும் காந்தாவின் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுத் தெருவில் இரந்து திரிகிறான். முடிவில் தன் தவற்றை உணர்ந்து, தன் நண்பன் பாலு சந்திராவை மணந்துகொள்ள வேண்டுமென்றும், நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக நிறுத்தி உலகுக்குப் பாடமாக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறான். மோகனாக ராதாவும், காந்தாவாக எம். என். ராஜமும், சந்திராவாக ஸ்ரீரஞ்சனியும், பாலுவாக எஸ். எஸ். ராஜேந்திரனும் நடித்தனர்.

கதையை இவ்வாறு சுருக்கிக் கூறினால் இது துன்பியல் எனத் தோன்றும். ஆனால் படம் பார்த்தோர் நினைவில் நிற்பது துன்பமன்று, சிரிப்பு. ஆங்கிலமும் தமிழும் கலந்த அந்த ஏளனப் பேச்சும், எதிரில் நிற்பவர் யாராயினும் அவரைக் குறுக்கே வெட்டும் துடுக்கும் படத்தை நகைச்சுவைப் படமாகவே வாழவைத்திருக்கின்றன. குற்றம் செய்தவனின் நெஞ்சு ஆறாது என்னும் பொருள்பட சி. எஸ். ஜெயராமன் பாடும் பாடலின் இடையிடையேகூட ராதாவின் பேச்சு குறுக்கிட்டு, அழ இருந்தவரைச் சிரிக்க வைக்கிறது. தன் அழிவைத் தானே கிண்டல் செய்யும் பாவியைத் தமிழ்த் திரை அதற்கு முன் இவ்வளவு முழுமையாகக் கண்டதில்லை என்றே சொல்லலாம்.

2. சிரிப்பு யாருடையது?

மணவுறவில் நேரும் துரோகத்தை வைத்துச் சிரிப்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். பிரெஞ்சு நாட்டினர் இதில் பேர்பெற்றவர்கள். மோலியேர் 1668-இல் அரங்கேற்றிய ‘ஜார்ஜ் தாந்தேன்’ நாடகத்தில், உயர்குடிப் பெண்ணை மணந்த பணக்காரக் குடியானவன் மனைவியின் துரோகத்தைக் கண்டும் அதனை மெய்ப்பிக்க இயலாமல் தானே மன்னிப்புக் கேட்க நேர்கிறது. ஷான் ரெனுவார் 1939-இல் எடுத்த ‘ஆட்ட விதி’ என்னும் படத்திலோ, ஒரு பிரபுவின் நாட்டுப்புற மாளிகையில் கணவர், மனைவியர், காதலர், பணியாட்கள் அனைவரும் ஒருவரையொருவர் துரத்தி ஓடுகின்றனர். இறுதியில் காவற்காரன் ஒருவன் ஆளை மாற்றி எண்ணிச் சுட, விமானி ஒருவன் மடிகிறான். மாளிகைத் தலைவனோ விருந்தினரை நோக்கி அதனை வருந்தத்தக்க விபத்து என்று நாகரிகமாக அறிவித்து உள்ளே அழைத்துச் செல்கிறான். பாரிஸ் மக்கள் அப்படத்தைக் கண்டு சினந்தனர். அதே ஆண்டில் அரசும் அதைத் தடைசெய்தது. அச்சினத்தின் காரணம் விளங்கக்கூடியதே. அந்தச் சிரிப்பில் எவரும் வெளியே நிற்கவில்லை. பொய் சொல்வது அங்கே ஒருவனுடைய குற்றமாக இல்லாமல், ஒரு வகுப்பு முழுவதும் ஒத்துக்கொண்ட ஒழுங்காகவே இருந்தது.

நம் தமிழ் மரபிலும் இவ்வகை நகை உண்டு. அது பிரெஞ்சு நாடகத்தைவிட மிகப் பழமையானது. காவிரி பாயும் வயல் நிலம் மருதத்துக்கு உரியது. மருதத்துக்குரிய ஒழுக்கம் ஊடல். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களை மருதத்துக்கென ஓரம்போகியார் பாடினார். பரத்தையர் சேரிக்குச் சென்று திரும்பிய தலைவன் வாயிலில் நிற்கிறான்; பாணனைத் தூதுவிடுகிறான். தலைவியும் தோழியும் வாயில் மறுத்து, எருமையையும் நண்டையும் வயலையும் சாக்காகக் கொண்டு அவனைக் குத்திப் பேசுகின்றனர். இங்கே சிரிப்பு துரோகம் இழைக்கப்பட்டவளின் கையில் இருக்கிறது. அவளிடம் பொருள் இல்லை, சட்டம் இல்லை; சொல் இருக்கிறது. முடிவில் கதவு திறக்கும் என்பதே அம்மரபின் எதிர்பார்ப்பு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கதவு திறக்கும் வரையிலாவது அவள் பேசுகிறாள்.

இவற்றுக்குப் பக்கத்தில் ‘ரத்தக் கண்ணீர்’ படத்தை வைத்துப் பார்த்தால் ஒரு குறை உடனே புலப்படும். அண்மையில் மாணவர் சிலருடன் அமர்ந்து இப்படத்தை மீண்டும் பார்த்தோம். முதற்பாதி முழுவதும் அறை சிரிப்பால் நிறைந்திருந்தது. முடிந்ததும் ஒரு மாணவி, இப்படத்தில் சந்திரா ஒருமுறையேனும் சிரிக்கிறாளா என்று வினவினார். எவரும் விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை.

அவ்வினா படத்தின் நடுவே சென்று தைக்கிறது. இங்கே சிரிப்பு முழுவதும் துரோகம் செய்தவனுக்கே உரியது. அவன் தாயை இகழும்போதும் மனைவியை அவமதிக்கும்போதும் நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். அவனை வெறுக்கவேண்டும் என்று கதை சொல்கிறது. ஆனால் அவன் பேச்சுக்காகக் காத்திருக்கச் செய்கிறது நடிப்பு. பிறகு நோய் வருகிறது. அதுவரை அவனோடு சிரித்த நாம், அவன் தண்டனையைக் கண்டு நம்மைத் தூயவர்களென எண்ணி வீடு திரும்புகிறோம். பாவத்தின் இன்பத்தில் அவனோடு பங்குகொண்டு, அதன் கூலியை மட்டும் அவன் ஒருவனே சுமக்க விட்டுவிடுகிறோம். பிறர் பாவத்தை விளக்கி உரைத்துச் சபையாரின் ஆவலைத் தூண்டி, பின்னர் அதனைக் கண்டித்து அமரும் அருளுரையும் இதையே செய்கிறது. இது நாடகக்காரருக்கு மட்டும் உரிய குறையன்று.

காந்தாவைப் பற்றியும் ஒரு சொல். படம் அவளைப் பேராசைக்காரியாக நிறுத்துகிறது. அவளை அவ்வாழ்வுக்கு ஆளாக்கிய உலகைப் பற்றி அது அதிகம் வினவவில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த சட்டம் 1947-இல் வந்தது. படம் வந்தது அதற்கு ஏழாண்டுக்குப் பின். யோவான் 8-ஆம் அதிகாரத்தில் பெண்ணை மட்டும் இழுத்துவந்து நிறுத்தியவர்கள், ஆண் எங்கே என்னும் வினாவைத் தங்களுக்குள் எழுப்பிக்கொள்ளவில்லை. ‘ரத்தக் கண்ணீர்’ ஆணையும் இழுத்துவந்து நடுவில் நிறுத்தியது. அவ்வளவில் அது அந்தக் கூட்டத்தைவிட நேர்மையானது.

3. நோய் தண்டனையா?

இனி இப்படத்தின் மிகப்பெரிய பிழைக்கு வருவோம். பரத்தமையின் பயனாகத் தொழுநோய் வந்தது என்பதே கதையின் அச்சாணி. பாலுறவால் பரவும் பிற நோய்களுக்குக் குறியீடாகவே தொழுநோய் காட்டப்பட்டது என்று சிலர் அமைதி கூறுவர். ஆனால் தெருவில் கண்ட நோயாளியைப் பார்த்த மக்கள் குறியீடு தேடவில்லை. ‘இவன் என்ன செய்தானோ’ என்றே எண்ணினர்.

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். இந்நோய் ஒழுக்கக் கேட்டினால் வருவதன்று. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கி வாழும்போது பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. படம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே செங்கற்பட்டில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சல்போன் வகை மருந்துகளால் நோயாளருக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் அழுகி விழுவதில்லை என்றும், உணர்விழந்த கையைக் காயத்தினின்று காத்துக்கொள்ள இயலாமையே அவற்றின் சிதைவுக்குக் காரணம் என்றும் காட்டி, மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் இது முற்றும் குணப்படுத்தத்தக்க நோயாயிற்று.

இவற்றைக் கூறி ராதாவைக் குறைசொல்வது எளிது. நமக்கு உரிய வினா வேறு. கடவுளையும் விதியையும் ஏளனம் செய்வதைத் தன் பணியாகக் கொண்ட பகுத்தறிவு மேடை, பாவிக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய இடம் வந்ததும், பழைய வினைக்கோட்பாட்டையே பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டது. முன்வாசலில் கடவுள் இல்லை. பின்வாசலில் ஊழ் இருந்தது, அதுவும் மருத்துவ உடையில். இதனைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கு உண்டோ என்றால், நம் பிரசங்க பீடங்களை எண்ணித் தலைகுனிய வேண்டியுள்ளது. மிரியாம், கேயாசி, உசியா ஆகியோரின் கதைகளை எடுத்து, தொழுநோய் பாவத்தின் அடையாளம் என்று எத்தனை அருளுரைகள் கட்டப்பட்டிருக்கின்றன! நம் பழைய மொழிபெயர்ப்பு குஷ்டரோகம் என்று தந்த எபிரேயச் சொல், இன்று நாமறிந்த நோயைக் குறிப்பதாகக் கொள்ளமுடியாது. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் அது ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகிறது. சுவர் செய்த பாவம் யாதென்று நாம் கேட்பதில்லை.

ஆண்டவரோ பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் வினவியபோது அவ்வினாவின் அடிப்படையையே மறுத்தார். சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்டவர்களைக் குறித்தும் அவ்வாறே கூறி, கேட்டவர்களையே மனந்திரும்ப அழைத்தார். தொழுநோயாளனைத் தொட்டார். ஏசாயா 53-ஆம் அதிகாரத்தில் பாடனுபவிக்கும் ஊழியனைப் பற்றிய பகுதியை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், அவர் தொழுநோயாளரைப்போல் எண்ணப்பட்டார் என்று பொருள்படும் சொல்லையே இட்டார். கடவுளால் அடிக்கப்பட்டவர் என்று உலகம் எண்ணிய அந்த உருவத்தில் திருச்சபை தன் ஆண்டவரைக் கண்டது. மோகனசுந்தரம் தன் நோயுற்ற உருவத்தைச் சிலையாக நிறுத்தச் சொன்னான். அச்சிலையைக் கண்டு அஞ்சி விலகுவதா, அதன் அருகே செல்வதா என்பதில்தான் நற்செய்திக்கும் நாடகத்துக்கும் வேறுபாடு இருக்கிறது.

4. அரங்கத்தின் பொன்வட்டில்

‘ரத்தக் கண்ணீர்’ வெளிவந்த அதே 1954-இல், பி. எஸ். ராமகிருஷ்ண ராவ் இயக்கத்தில் அக்கினேனி நாகேஸ்வர ராவும் பானுமதியும் நடித்த ‘விப்ரநாராயணா’ என்னும் தெலுங்குப் படமும் வெளிவந்தது. கதைக் களம் திருவரங்கம். கதைத் தலைவர் பின்னாளில் தொண்டரடிப்பொடியாழ்வார் எனப்பட்டவர். வைணவ குருபரம்பரை கூறும் வரலாறு பின்வருமாறு. மணம் புரியாது, நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுப்பதே வாழ்வெனக் கொண்ட விப்ரநாராயணரை, தேவதேவி என்னும் கணிகை தன்வயப்படுத்துகிறாள். அவர் தொண்டை மறக்கிறார். பொருள் தீர்ந்ததும் அவ்வீட்டாரால் புறந்தள்ளப்படுகிறார். அப்போது அரங்கனே அவருடைய ஏவலாளைப்போல் வேடம் பூண்டு, கோயிலின் பொன்வட்டிலைத் தேவதேவியின் வீட்டில் சேர்ப்பித்து, அவர் கொடுத்தனுப்பியதாகக் கூறுகிறான். மறுநாள் வட்டிலைக் காணோம் என்று தேடுகின்றனர். பழி விப்ரநாராயணர்மேல் விழுகிறது. பின்னர் அரசன் உண்மை உணர்ந்து அவரை விடுவிக்கிறான். அவர் அடியார்தம் பாததூளியாகத் தம்மை எண்ணி, ‘திருமாலை’யும் ‘திருப்பள்ளியெழுச்சி’யும் பாடுகிறார்.

பொருள் தீர்ந்ததும் வாயிலில் தள்ளப்பட்ட ஆண் என்னும் ஒரே காட்சி தென்கரையின் கதையிலும் வடகரையின் கதையிலும் வருகிறது. தென்கரையில் அவனை நோய் எதிர்கொள்கிறது. வடகரையில் திருடிய வட்டிலோடு கடவுள் எதிர்ப்படுகிறார். இரண்டாவது கதை நகைச்சுவை உடையது என்பதைக் கவனிக்கவேண்டும். தம் கோயிலிலேயே திருடி, அடியவன் பொருட்டுக் கணிகையின் வீட்டுக் கதவைத் தட்டும் கடவுளை எண்ணிப் பக்தர்கள் புன்னகை செய்கின்றனர். ஆனால் அச்சிரிப்பு விழுந்தவனைச் சுடுவதில்லை. நாம் அக்கதையை நம் கதையாக்கிக்கொள்ள முயலவில்லை. அதன் இறைக்கொள்கை வேறு, நம்முடையது வேறு. எனினும், துரோகம் செய்த மனைவியை விலைகொடுத்து மீட்ட ஓசியாவையும், ஓடிவந்து மகனைத் தழுவிய தந்தையையும் பிரசங்கிக்கும் நாம், அருளின் மானங்கெட்ட துணிவை அயலாரின் கதையில் காணும்போது வியக்காதிருக்க இயலாது.

ஆயினும் அக்கதையில் ஒரு வசதி இருக்கிறது. விப்ரநாராயணருக்கு மனைவி இல்லை. அவர் மீறியது கடவுளோடு செய்த பொருத்தனை. ஆகவே கடவுள் மன்னித்தால் கணக்குத் தீர்ந்தது. மோகனசுந்தரத்தின் கணக்கு அப்படிப்பட்டதன்று. திருவரங்கக் கதையில் அருள் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவள் இல்லை. ‘ரத்தக் கண்ணீர்’ கதையில் அநீதி இழைக்கப்பட்டவள் இருக்கிறாள், அருள் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசவேண்டிய கடமை நம்முடையது. அக்கடமையில் நாம் தவறியிருக்கிறோம் என்பதே நாம் சொல்லவந்த செய்தி.

5. சந்திராவும் சபையும்

தாவீதின் பாவத்தைப் பிரசங்கிக்கும்போது நாம் 51-ஆம் சங்கீதத்துக்கு விரைந்து சென்றுவிடுகிறோம். அங்கே பாவி தன் குற்றம் கடவுள் ஒருவருக்கே எதிரானது என்று அறிக்கையிடுகிறான். அவ்வறிக்கையின் ஆழத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உரியா மண்ணில் கிடக்கிறான். பத்சேபாள் பேசவே இல்லை. நாத்தான் தீர்க்கதரிசியோ அவ்வாறு விரையவில்லை. ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொல்லி, இழந்தவன் பக்கமாய் அரசனின் நீதியுணர்வைத் திருப்பிய பிறகே அவனைச் சுட்டிக்காட்டினான். மன்னிப்பின் சொல் அதன் பின்னரே வருகிறது.

நமது சபைகளில் நடப்பது என்ன? கணவன் வேறொரு குடும்பம் வைத்திருப்பதை அறிந்த மனைவி ஆயரிடம் வருகிறாள். பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு, பிள்ளைகளை எண்ணிப்பார், நீ அன்பாயிருந்தால் அவர் திரும்புவார் என்று கூறி அனுப்புகிறோம். நாமும் அவ்வாறு கூறியதுண்டு. கூறி முடித்து, நல்ல ஆலோசனை தந்ததாக எண்ணியதும் உண்டு. ஓராண்டு கழித்து அக்கணவன் மனம் வருந்தி வந்தபோது சபை மகிழ்ச்சியோடு அவனை ஏற்றது; சாட்சி கூறச் செய்தது; அவன் தன் பழைய வாழ்வைச் சுவையாக எடுத்துரைத்தபோது சிலர் சிரிக்கவும் செய்தனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த மனைவியை நோக்கி, அவள் மன்னித்துவிட்டாளா என்று எவரும் வினவவில்லை. மன்னித்திருப்பாள் என்று அனைவரும் எண்ணிக்கொண்டோம். சந்திரா சிரிக்கிறாளா என்று அம்மாணவி வினவியபோது நமக்கு நினைவு வந்தது அந்த முன்வரிசைதான்.

சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. இந்தியக் கிறிஸ்தவருக்குரிய 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, மனைவியின் விபசாரம் ஒன்றே கணவன் விடுதலை பெறப் போதுமானது. மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்த வேற்றுமை 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. மணமான பெண்ணோடு உறவுகொண்டவன்மீது அவள் கணவன் மட்டுமே முறையிடலாம், துரோகம் இழைக்கப்பட்ட மனைவிக்கு முறையிட இடமில்லை என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் செல்லாததாக்கியது. வேறொரு முரணும் நோக்கத்தக்கது. விபசாரத்தில் கணவனையும் மனைவியையும் சமமாக்கிய அதே 2001-ஆம் ஆண்டுத் திருத்தம், குணப்படுத்த இயலாத தொழுநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாகக் கிறிஸ்தவருடைய சட்டத்தில் சேர்த்தது; நோய் குணமாகக்கூடியதாகி இருபது ஆண்டுகள் ஆனபின்! 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. ‘ரத்தக் கண்ணீர்’ செய்த பிழையைச் சட்டமும் செய்தது. திருச்சபை அதனை உரத்துக் கண்டித்ததாக நாம் அறியோம்.

இவ்விடத்தில் ராதாவின் படம் நம்மை வெட்கப்படுத்துகிறது. 1954-இல், கைவிடப்பட்ட மனைவிக்கு இன்னொரு வாழ்வு உண்டு என்று அது மக்கள் நடுவே அறிவித்தது. கணவன் உயிரோடிருக்கையிலேயே, அவனது வாயாலேயே அதனைச் சொல்லவைத்தது. இதிலும் குறை இல்லாமலில்லை. தன் மனைவியைத் தன் நண்பனிடம் ஒப்படைப்பவனும் அவனே. அவளுடைய விருப்பம் அவளுடைய சொல்லாக ஓங்கி ஒலிக்கவில்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் கண்ணீரோடு காத்திருப்பதே கற்பு என்று போதித்த ஒரு சமுதாயத்தின் நடுவே, தவறு செய்தவன் தன் உரிமையைத் துறந்து விலகுவதே அவன் செய்யக்கூடிய நியாயம் என்று அப்படம் கண்டது. சகேயு மனந்திரும்பியபோது தன் பாவத்தை விவரித்துக்கொண்டிருக்கவில்லை. தான் வஞ்சித்தவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகக் கூறினான். அதைக் கேட்ட பின்னரே ஆண்டவர் அவ்வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். தான் கெடுத்தவளுக்கு எதைத் திருப்பித் தருவது என்று கடவுளை நம்பாத மேடை வினவியது. கடவுளை நம்பும் நாம் அவ்வினாவை எழுப்பாமலே பாவமன்னிப்பை அறிவித்திருக்கிறோம்.

6. முடிவுரை

மாணவர்கள் இப்படத்தைக் காணவேண்டும் என்றே கூறுவோம். ராதாவின் நடிப்பாற்றலுக்காகக் காணலாம். அவர் பேச்சில் தெறிக்கும் சமுதாயக் கண்டனத்துக்காகவும் காணலாம். ஆனால் சிரிக்கும்போது, எப்போது சிரிக்கிறோம், யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம், அவ்வேளையில் சந்திரா எங்கே நிற்கிறாள் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். நோய் வரும் இடத்தில் படத்தோடு உடன்படாது நிற்கட்டும்; தொழுநோயை உவமையாக்கிப் பாவத்தைப் பிரசங்கிக்கும் வழக்கத்தைத் தம் குறிப்பேட்டிலிருந்தே அகற்றட்டும். முடிவில், படம் தொடங்கி முடிக்காது விட்ட பணியைக் கையிலெடுக்கட்டும்.

மனந்திரும்பி வருகிறவனை ஏற்காத சபை கிறிஸ்துவின் சபையன்று. அவனை ஏற்கும் நாளில் அவன் மனைவியைத் தனியே சந்தித்து, அவள் பேச விரும்புவதைப் பேசவும், பேச விரும்பாவிடில் மௌனமாயிருக்கவும், மன்னிக்க இன்னும் இயலவில்லை என்றால் அதனையும் அச்சமின்றிச் சொல்லவும் இடங்கொடுக்க வேண்டியது ஆயரின் கடமை. அவனுடைய சாட்சியைக் கேட்கச் சபை கூடுவதற்கு முன்னர் அது நடைபெறவேண்டும். நாம் அன்று அதைச் செய்யவில்லை. இதைப் படிக்கும் இளம் ஆயர்கள் செய்வார்களாக.